ட்ரையரின் வென்ட் குழாயை நாமே சுத்தம் செய்யலாமா?

ட்ரையரில் துணி காய முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, ஈரக்காற்றை வெளியேற்றும் வென்ட் குழாயை நானே கழற்றிச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம், தள்ளிப் போட மட்டும் வேண்டாம். ஈரக்காற்று வெளியே போக வழியில்லாததால்தான் நேரம் இழுக்கிறது. அடைத்திருப்பது துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு. ஒரு பொறி போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். மெஷின் ஆறியதும் முன்னால் இழுத்து, கிளாம்ப்பைத் தளர்த்தினால் குழாய் வந்துவிடும். பெரும்பாலும் 4 அங்குலக் குழாய்தான். வளையும் தண்டுள்ள நீளமான பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். வளைவுகளில் பஞ்சு ஈரத்தோடு இறுகி, சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி உரிந்து வரும். மெஷினின் பின்பக்க வாயையும் வேக்கம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். உங்களுடையது பிளாஸ்டிக் குழாய் என்றால் கழுவிக்கொண்டிருக்காமல் தூக்கிப் போட்டுவிட்டு உலோகக் குழாய் வாங்குங்கள். இணைப்பில் அலுமினிய டேப் ஒட்டுங்கள். ஸ்க்ரூ அடித்தால் அதன் முனை உள்ளே நீட்டிக்கொண்டு பஞ்சைப் பிடித்து வைக்கும்.

புதுச்சேரியில் குழாயின் வெளிப்பக்க மூடியைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். உப்புக்காற்றில் அதன் கீல் துருப்பிடித்துத் திறக்காமல் நின்றுவிடும். குளவி மண்கூடும் கட்டும். அதற்காகக் கொசுவலை அடித்துவிடாதீர்கள், பஞ்சு அதிலேயே சிக்கி வாயை அடைத்துவிடும். எல்லாம் மாட்டியபிறகு மெஷினை ஓடவிட்டு வெளியே போய்ப் பாருங்கள்: மூடி தானாகத் தூக்கிக்கொள்ள வேண்டும், கையில் காற்று பலமாகப் பட வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் தொடங்கும் முன்பு இதைச் செய்தால் சரி. மெஷினுக்குள்ளே பஞ்சைப் பிடிக்கும் ஃபில்டரை மட்டும் துணி போடும் ஒவ்வொரு தடவையும் துடையுங்கள். சுவருக்குள் நீளமாக ஓடும் குழாய் என்றால் ஆளைக் கூப்பிடுவதே நல்லது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ஐப்பசி அடைமழையில் தீபாவளி வரும், எண்ணெய்க் குளியல் துண்டுகளும் ட்ரையருக்குப் போகும். துவைத்தாலும் நல்லெண்ணெய் முழுசாகப் போகாது. அந்தத் துண்டுகளைச் சூட்டோடு குவித்து வைத்தால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறி, மெஷினை நிறுத்தியபிறகும் தீப்பிடிக்கலாம். அவற்றை மட்டும் வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, ஃபேனுக்கு அடியில் கொடி கட்டிக் காயப் போடுங்கள்.