மீத்தாக்ஸி குரூப் எலக்ட்ரானை கொடுக்குமா, இழுக்குமா?

கேள்வி: நீட்டுக்கு படிக்கிறேன் சார். மீத்தாக்ஸிக்கு (OCH3) ஒரு இடத்துல மைனஸ் ஐ-ன்னு இருக்கு, இன்னொரு இடத்துல ப்ளஸ் எம்-னு இருக்கு. பென்சாயிக் ஆசிட்ல ஆசிட் ஸ்ட்ரென்த் ஆர்டர் கேட்டா எதை எடுத்துக்கறது?

ரெண்டுமே சரிதாம்ப்பா, அதான் குழப்பமே. ஆக்சிஜனுக்கு எலக்ட்ரோநெகட்டிவிட்டி ஜாஸ்தி, அதனால சிக்மா பாண்ட் வழியா தன் பக்கம் இழுத்துக்கும், அது ஐ (இண்டக்டிவ்), இழுக்கறதால மைனஸ். அதே ஆக்சிஜன்கிட்ட லோன் பேர் (பாண்ட்ல சேராத எலக்ட்ரான் ஜோடி) இருக்கு, அதை பை சிஸ்டம் வழியா ரிங்குக்குள்ள தள்ளும், அது எம் (மீசோமெரிக்), கொடுக்கறதால ப்ளஸ். இழுக்கறதும் தள்றதும் ஒரே நேரத்துல நடக்குது.

"எது பெருசு"ன்னு மனப்பாடம் பண்ணாதீங்க, முதல்ல குரூப் எங்க உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. ஐ எஃபெக்ட் தூரம் போகப்போக செத்துப்போகும். பியூட்டனாயிக் ஆசிட் பிகேஏ (ஆசிட் ஸ்ட்ரென்த்தோட அளவு, குறைஞ்சா ஸ்ட்ராங்) 4.82, அதுல 2-வது கார்பன்ல குளோரின் போட்டா 2.86, 3-வதுல 4.05, 4-வதுல 4.52, அவ்ளோதான், பழைய இடத்துக்கே கிட்டத்தட்ட வந்துடுச்சு பாருங்க. எம் எஃபெக்ட்டுக்கு தூரம் பெரிய விஷயமே இல்ல, ஆனா இடம் முக்கியம், தள்ளுற எலக்ட்ரான் ஆர்த்தோ (ரிங்ல பக்கத்துல இருக்கிறது), பாரா (நேர் எதிர்ல இருக்கிறது) கார்பன்லதான் போய் இறங்கும், மெட்டால (ஒண்ணு விட்டு இருக்கிறது) இறங்காது.

இப்ப உங்க கணக்குக்கு வருவோம். பென்சாயிக் ஆசிட் 4.20. பாரா மீத்தாக்ஸி 4.47, மெட்டா மீத்தாக்ஸி 4.09. பிகேஏ குறைஞ்சா ஆசிட் ஸ்ட்ராங், அதனால மெட்டா, சும்மா பென்சாயிக், பாரா, இதான் ஆர்டர். பாராலேர்ந்து தள்ளுற எலக்ட்ரான் நேரா கார்பாக்சில் ஒட்டியிருக்கிற கார்பனுக்கே வருது, ஏற்கனவே நெகட்டிவா இருக்கிற கார்பாக்சிலேட்டுக்கு அது தொல்லைதான். மெட்டாவுல அந்த கார்பனுக்கு எலக்ட்ரான் வராது, மிச்சம் இருக்கிறது ஐ இழுவை மட்டும், சோ கொஞ்சம் ஸ்ட்ராங் ஆயிடுது.

ஆர்த்தோவை மட்டும் இந்த லாஜிக்ல கொண்டு வராதீங்க, அங்க இட நெருக்கடி வந்து கார்பாக்சில் ரிங் ப்ளேனை விட்டு திரும்பிக்கும், பெரும்பாலும் எந்த குரூப் போட்டாலும் பென்சாயிக்கை விட ஸ்ட்ராங்தான். எலக்ட்ரோமெரிக்கும் வேண்டாம், அது ரியேஜென்ட் தாக்க வரும்போது மட்டும் தலைகாட்டற டெம்பரரி சமாச்சாரம்.

குளோரின்தான் எல்லாரையும் கவுக்கும். அதுக்கும் லோன் பேர் இருக்கு, ஆனா அதோட 3பி ஆர்பிட்டால் கார்பனோட 2பி கூட சரியா ஓவர்லாப் ஆகாது, அதனால தள்றது வீக், இழுக்கறது ஸ்ட்ராங். குளோரோபென்சீன் நைட்ரேஷன் (ரிங்ல நைட்ரோ குரூப் ஏத்தற ரியாக்ஷன்) பென்சீனை விட சுமார் 30 மடங்கு ஸ்லோவா நடக்கும். அப்பவும் ப்ராடக்ட் பாத்தா முக்காவாசி பாரா, மிச்சம் ஆர்த்தோ, மெட்டா 1 சதவீதம் வந்தாலே அதிகம். வேகத்தை ஐ முடிவு பண்ணுது, இடத்தை எம் முடிவு பண்ணுது. (இந்த ஒரு பாயிண்ட்டுக்காகவே கேள்வி போடுவாங்க, நான் பாத்திருக்கேன்.)

நைட்ரோல இந்த சண்டையே கிடையாது, ஐ-யும் எம்-மும் ரெண்டுமே இழுக்கும். பென்சாயிக் ஆசிட்ல ஹைட்ராக்ஸிய (OH) வெச்சு நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க, பிகேஏ மெட்டா சுமார் 4.1, பாரா சுமார் 4.6 வரும், ஏன்னு ரெண்டு வரி எழுத வந்துச்சுன்னா இந்த சாப்டரை மூடிட்டு அடுத்ததுக்கு போலாம்.