ஆர்.எஃப்.சி. வரைவில் நிரல் துண்டுகளுக்கு லேபிள்: கேள்வி பதில்

கே: சார், ஆர்.எஃப்.சி. (இணையம் இயங்கும் முறைகளை விவரிக்கும் ஆவணம்) வரைவில் படம், நிரல் எல்லாவற்றையும் 'ஆர்ட்வொர்க்' டேக்கிலேயே போட்டுவிட்டேன். மாற்றியே ஆகணுமா?

ப: மாற்றிவிடுங்கள். வரைவு எழுதும் பழைய எக்ஸ்.எம்.எல். வடிவத்தில் எல்லாம் ஒரே பானைதான். 2016-ல் வந்த ஆர்.எஃப்.சி. 7991-தான் 'சோர்ஸ்கோட்' என்று தனி டேக் கொடுத்தது. பார்சரோ (எழுதியதை விதிப்படி அலசிப் படிக்கும் மென்பொருள்) கம்பைலரோ படிக்கக்கூடியது அதில் போகட்டும். பிட் எண் போட்டுக் கட்டம் கட்டிய பாக்கெட் ஹெட்டர் படம் ஆர்ட்வொர்க்கிலேயே இருக்கட்டும்.

கே: சோர்ஸ்கோட் டேக்கில் துண்டின் வகையைச் சொல்லும் 'டைப்' லேபிளில் இஷ்டத்துக்கு எழுதலாமா?

ப: ஆர்.எஃப்.சி. எடிட்டர் (இந்த ஆவணங்களை வெளியிடும் குழு) ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: ஏ.பி.என்.எஃப். (இலக்கண விதி எழுதும் முறை), ஜேசன் (தரவு எழுதும் வடிவம்), யாங் (பிணையக் கருவிகளின் அமைப்பை விவரிக்கும் மொழி), பைத்தான், சூடோகோட் (மாதிரி நிரல்) என்று போகும். அதில் பொருந்துவதை எடுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், காலியாகவும் விடலாம். தப்பான லேபிளுக்குக் காலி எவ்வளவோ தேவலை.

கே: அண்ணா, உதாரண ஜேசனில் நடுவே மூன்று புள்ளி வைத்துச் சுருக்கியிருக்கிறேன். அதுவும் ஜேசன்தானே?

ப: இதில் நானே சூடுபட்டவன். ஒரு வரைவில் பக்கத்தைக் குறைக்க அடைப்புக்குள் மூன்று புள்ளி வைத்தேன்; போதாததற்கு இரட்டைச் சாய்கோடு போட்டு 'மற்றவை இங்கே' என்று ஒரு கமெண்ட். லேபிள் மட்டும் கம்பீரமாக ஜேசன். பரிசீலித்தவர் அந்த லேபிள் உள்ள துண்டுகளையெல்லாம் ஸ்கிரிப்ட்டால் உருவி, விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் வேலிடேட்டரில் ஓட்டினார். நாலு துண்டு அடி வாங்கின. ஜேசனில் கமெண்டே கிடையாதே! அதிலிருந்து நீளமான மதிப்பைச் சுருக்கினால் புள்ளிகளை மேற்கோள் குறிக்குள்ளேயே வைக்கிறேன். அது வெறும் சரம், பார்சர் வாய் திறக்காது. விளக்கம் துண்டுக்கு மேலே, பத்தியில்.

ஏ.பி.என்.எஃப். எழுதுபவர்களுக்கும் இதே கதைதான். இலக்கண விதிகளுக்கு மட்டும் அந்த லேபிள். விதிப்படி அமைந்த ஒரு மாதிரி வரிக்கும் அதையே ஒட்டினால், விதிகளை ஒன்றுசேர்த்துச் சோதிக்கும் கருவி அந்த வரியில் தடுக்கி விழும்.

கே: வரி நீளமாகி ஓரத்தைத் தாண்டுகிறது.

ப: டெக்ஸ்ட் வடிவத்தில் வரிக்கு 72 எழுத்து, இடது ஓரம் 3 போக உங்களுக்கு 69. முதலில் நிரலையே சுருக்கப் பாருங்கள். முடியாவிட்டால் 2020-ல் வந்த ஆர்.எஃப்.சி. 8792 முறை: வரி முடிவில் பின்சாய்கோடு, துண்டின் தலையில் மடித்திருப்பதாக அறிவிப்பு. அந்த அறிவிப்பை விட்டுவிட்டால் பின்சாய்கோடும் நிரலின் பகுதி என்றே படிப்பவர் நினைப்பார்.

கே: நிரல் தொடங்கும் இடத்தைக் காட்டும் 'கோட் பிகின்ஸ்' குறி எல்லாத் துண்டுக்கும் வேண்டுமா?

ப: வேண்டாம். அப்படியே கோப்பாக எடுத்துப் பயன்படுத்த வேண்டிய முழு நிரலுக்குப் போதும். கையால் தட்டாதீர்கள், சோர்ஸ்கோட் டேக்கின் 'மார்க்கர்ஸ்' பண்பை ட்ரூ என்று வையுங்கள், கருவியே போட்டுக்கொள்ளும். யாங் மாட்யூலுக்குக் கோப்புப் பெயரும் தர வேண்டும்: மாட்யூல் பெயர், அட் குறி (@), திருத்தத் தேதி. வரைவின் அடுத்த பதிப்பில் மாட்யூலுக்குள் தேதியை மாற்றிவிட்டுக் கோப்புப் பெயரில் மறப்பவர்கள்தான் அதிகம். உதாரண மாட்யூலுக்கு இந்தக் குறியே கூடாது.