வாசகர் கேள்விகள்: குழுவில் கருத்துச் சொல்லும் முறை

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தெருநாய்களுக்கு நான் உணவு வைக்கிறேன். ‘அவ்வளவு பாசம் இருந்தால் உங்கள் வீட்டுக்குள் கட்டி வளர்க்க வேண்டியதுதானே’ என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் சிலர் கேலி செய்கிறார்கள். பதில் சொன்னால் சண்டை வளர்கிறது. சும்மா இருந்தால் தவறை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிறது. நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: நாயைப் பிடிக்கும், பிடிக்காது என்பது அவரவர் விருப்பம், அதை வாதாடி மாற்ற முடியாது, மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. உணவை எங்கே, எப்போது வைப்பது என்பது வேறு கேள்வி. அதற்கு விதி இருக்கிறது. மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் 20ஆம் விதி, குடியிருப்போர் நலச் சங்கமே இதற்கான இடத்தை ஒதுக்க வேண்டும் என்கிறது. அந்த இடம் குழந்தைகள் விளையாடும் பகுதி, நுழைவாயில், மாடிப்படி ஆகியவற்றுக்குத் தள்ளி இருக்க வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் நடமாடாத நேரத்தில்தான் உணவு வைக்க வேண்டும். அங்கே குப்பை சேராமல் பார்த்துக்கொள்வது உணவு வைப்பவரின் பொறுப்பு. இதில் பிணக்கு ஏற்பட்டால் கால்நடை மருத்துவ அலுவலர், காவல் துறையின் பிரதிநிதி, புகார் கொடுத்தவர், சங்கப் பிரதிநிதி உள்ளிட்டோர் அடங்கிய விலங்கு நலக் குழு முடிவு செய்யும். கண்ட இடத்தில் உணவு வைக்கக் கூடாது, ஒதுக்கிய இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று கூறியது.

எனவே கேலிக்கு விடை தேடாமல், இடத்தைப் பற்றி எழுதுங்கள். ‘நாய்களுக்கு உணவு வைப்பது நான்தான். மாடிப்படி அருகே வைப்பது பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருப்பதாகத் தெரிகிறது. நாளை முதல் பின்பக்கச் சுவரோரம், இரவு பத்து மணிக்கு மேல் வைக்கலாமா? வேறு இடம் தோன்றினால் சங்கம் சொல்லட்டும்’ என்று எழுதினால், அதற்கு இடத்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் மட்டுமே பதில் சொல்ல முடியும். கேலி செய்தவருக்கு ஏதேனும் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால், குழுவில் எழுதாமல் நேரில் பாருங்கள். இருநூறு பேர் பார்க்கும்போது வீம்புக்காகப் பேசுகிறவர்களில் பலர், எதிரே நின்று கேட்கும்போது இறங்கி வருகிறார்கள்.

உங்கள் தரப்பினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாய்க்கடிக்கு அஞ்சுகிறவரை ஈவிரக்கமற்றவர் என்று எழுதுவதும் கேலிக்குச் சமமான அவமதிப்பே. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது என்பதால், சிறு பிள்ளைகளை வைத்திருப்பவர்களின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேலிக்கு ஆளானவரையும் கேலி செய்தவரையும் ஒரே தட்டில் வைத்து, ‘அனைவரும் அமைதி காக்கவும்’ என்று பொதுவாக அறிவிக்கும் நிர்வாகிகளை என்னால் ஏற்க முடியவில்லை. புகார் சொல்பவரின் வாயை அடைப்பதற்கு மரியாதை என்று பெயர் சூட்டக் கூடாது. வரம்பு மீறியவர் யாரோ அவரிடம் அதைச் சொல்லும் துணிவு நிர்வாகிக்கு வேண்டும்.

கேள்வி: குழுவில் ஒருவர் அவதூறாக எழுதினால், அட்மினாக இருக்கும் என் மீதும் வழக்கு வருமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: அட்மினாக இருப்பது மட்டுமே குற்றமாகாது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தன் மீதான வழக்கை எதிர்த்து மனு செய்தவர் அட்மினாக மட்டுமே இருந்து வேறு எதுவும் செய்யவில்லை என்றால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இருக்கக் கூடாது என்று கூறியது. எழுதியவர் மீது, இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு பற்றிய 356ஆம் பிரிவு பாயலாம். இருந்தாலும், பிறர் இட்ட பதிவை எல்லோருக்கும் நீக்கும் வசதி உங்கள் கையில் இருக்கும்போது, ஒருவருடைய மானத்தைக் கெடுக்கும் பதிவை அப்படியே விட்டுவைப்பது முறையல்ல. நீக்கிவிட்டு, நீக்கிய காரணத்தையும் ஒரு வரியில் தெரிவியுங்கள். இல்லையேல் நீங்கள் ஒருதலைப்பட்சமாக நடப்பதாக அடுத்த சண்டை தொடங்கும்.

கேள்வி: குடும்பக் குழுவில் பெரியப்பா பொய்யான மருத்துவச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். திருத்தினால், பெரியவரை எதிர்த்துப் பேசுவதாக அம்மா கோபித்துக்கொள்கிறார்.
– ஒரு கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: அம்மாவின் கோபம் நீங்கள் திருத்துவதைப் பற்றியதாக இருக்காது, அத்தைகளும் சித்தப்பாக்களும் பார்க்கத் திருத்துவதுதான் அவரை உறுத்துகிறது. ஆகவே பெரியப்பாவுக்குத் தனியே போன் செய்யுங்கள். ‘பெரியப்பா, நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்ததாம். டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்பலாமா?’ என்று கேளுங்கள். அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாட்டை வாட்ஸ்அப் 2020இல் கொண்டுவந்தது என்பதையும் சொல்லலாம். அரசுத் திட்டங்கள் பற்றிய வதந்தியாக இருந்தால், தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் வெளியிடும் மறுப்பை அவருக்கு அனுப்பலாம். மருந்தை நிறுத்தச் சொல்லும் செய்திக்கு மட்டும் இந்தத் தயக்கம் வேண்டாம். வீட்டில் சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவர் அதை நம்பி நிறுத்திவிடக்கூடும் என்பதால், அம்மா கோபித்தாலும் அதைக் குழுவிலேயே, அன்றைக்கே மறுத்துவிடுங்கள்.