ஐம்பது பொன் வாளும் ஒரு பொல்லும்

அண்ணை, வணக்கம்.

நாங்கள் கோண்டாவில் பெடியள் நாலு பேர், ஞாயிறு பின்னேரங்களில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டு அது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள். ஆட்டத்தில் என் வீரனிடம் இருந்த காசெல்லாம் கொட்டி 50 பொற்காசுக்குப் பெரிய வாள் வாங்கினேன். மச்சான் 30க்குப் பெரிய கோடரி எடுத்தான். அடி பட்டால் சேதத்துக்கு உருட்ட வாளுக்கு ஆறுபக்கப் பகடை இரண்டு, கோடரிக்குப் பன்னிரண்டுபக்கப் பகடை ஒன்று. இரண்டுக்கும் உச்சம் 12தானே, பிறகென்ன வித்தியாசம்? போன கிழமை எலும்புக்கூடுகள் வந்தன. எங்கள் அணியில் பூசாரியாக ஆடுகிறவன் 5 பொற்காசுத் தண்டாயுதத்தால் இரண்டைச் சாய்த்தான். என் வாள் ஒன்றையும் விழுத்தவில்லை. ஆட்டம் நடத்துகிறவன் காரணத்தை முதலே சொல்லவில்லை. இது கள்ள ஆட்டம் இல்லையா? வாளை விற்கட்டுமா?

வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

கள்ள ஆட்டம் இல்லை. அந்த விதிகளில் எலும்புக்கூட்டை வெட்டினால் வெட்டின அளவுதான் சேதம். நொறுக்குகிற ஆயுதத்தால் அடித்தால் இரட்டிப்பு. தசை இல்லாததை வெட்டி என்ன செய்ய?

கணக்கைப் பாரும். உமது வீரனின் பலம் 16 என்று வைப்போம், ஒவ்வொரு அடியோடும் 3 கூடும். எலும்புக்கூட்டின் உயிர்ப்புள்ளி 13, அவ்வளவு சேதம் பட்டால் விழும். ஒரே அடியில் சாய்க்க வாளின் இரண்டு பகடையும் சேர்ந்து 10 அல்லது அதற்குமேல் விழவேண்டும். பட்ட அடிகளில் ஆறில் ஒன்றுதான் அப்படி. தண்டாயுதத்துக்கு ஒரு ஆறுபக்கப் பகடைதான், ஆனால் 4 விழுந்தாலே போதும்: 4உம் 3உம் 7, இரட்டித்தால் 14. அதாவது இரண்டில் ஒன்று.

மச்சானின் கோடரிக்கு வருவோம். சராசரி பார்த்தால் வாள் 7, கோடரி ஆறரை. ஆனால் இரண்டு பகடை உருட்டினால் எண்கள் நடுவிலேயே குவியும். 12 விழுவது 36இல் ஒரு தரம். கோடரிக்கு அது 12இல் ஒரு தரம். அதனால் எலும்புக்கூட்டை ஒரே அடியில் விழுத்துவதில் கோடரிக்கு நாலில் ஒன்று வாய்ப்பு, உமது வாளைவிடக் கூட. தினமும் ஒழுங்காகச் சம்பளம் வருகிற ஆள் வாள். கோடரி சீட்டு விழுந்தால் வீடு கட்டுகிற ஆள்.

சின்ன வயதில் சித்திரை வருடப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடிக்கப் போவோம், காயால் காயை அடித்து உடைக்கிற போட்டி. ஒருமுறை சந்தையிலேயே பெரிய காயாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனேன். எதிரே வைத்த காய் கருத்துச் சூம்பிக் கிடந்தது. ஓங்கி ஒரே அடி, என் காய் பிளந்து இளநீர் சட்டையெல்லாம் தெறித்தது. அந்தக் காய்க்காரர் என் பாதி ஓட்டைக் கையில் எடுத்து, விளிம்பை நகத்தால் காட்டினார்: மெல்லிய ஓடு. அதன்பிறகுதான் நானும் காயைக் காதோடு வைத்துத் தட்டிப் பார்க்கப் பழகினேன். முதலே ஒருவர் சொல்லியிருந்தால் அன்று ஒரு காய் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஆட்டம் நடத்துகிற பெடியனிலும் ஒரு பிழை இருக்கிறது. பூசாரி அடித்தபோது ‘விலா எலும்பு பொலபொலவென்று கொட்டியது’ என்று ஒரு வரி சொல்லியிருக்கவேண்டும். வெறும் இலக்கத்தை மட்டும் சொன்னால் யாருக்குத்தான் விளங்கும்?

வாளை விற்கவேண்டாம், பாதி விலைதான் கிடைக்கும். விதிநூலின் ஆயுத விலை அட்டவணையைப் பாரும், நீளப் பொல்லு ஒன்று இருக்கிறது. விலை 2 வெள்ளிக்காசு, பத்து வெள்ளி ஒரு பொன். உமது வாளின் காசுக்கு 250 பொல்லு வாங்கலாம். இரண்டு கையாலும் பிடித்தால் எட்டுபக்கப் பகடை, அதுவும் நொறுக்குகிற சாதி. எலும்புக்கூட்டை ஒரே அடியில் சாய்க்க எட்டில் ஐந்து வாய்ப்பு, தண்டாயுதத்தையே மிஞ்சும். ஒன்றை வாங்கி முதுகில் கட்டிக்கொள்ளும்.

கோடரி பற்றி எழுதினதை மட்டும் மச்சானுக்கு வாசித்துக் காட்டவேண்டாம்.