வாசகர் கேள்வி: சாய்ந்து மிதக்கும் வெட்டுக்கிளி

கேள்வி: நானே கட்டிய ஃபோம் வெட்டுக்கிளி ஃபிளை (தூண்டில் முள்ளில் கட்டும் பொய்ப்பூச்சி) தண்ணீரில் விழுந்ததும் பக்கவாட்டில் சாய்கிறது. மீன் வந்து கவ்வினாலும் முள் ஏறுவதில்லை. என்ன தப்பு?
– வாசகர், மேட்டூர்

பதில்: ஃபோம் பட்டை இடம் மாறிவிடுகிறது. நூலை இறுக்கும்போது அது முள்ளின் தண்டைச் சுற்றி உருண்டு அடிப்பக்கம் இறங்கும். மிதப்பது மேலேயும் முள் வளைவின் எடை கீழேயும் இருந்தால்தான் ஃபிளை நிமிர்ந்து நிற்கும். அடியில் இறங்கிய ஃபோம் முள்ளின் வாயையும் (தண்டுக்கும் முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி) அடைத்துக்கொள்கிறது; பிறகு மீன் வாயில் எப்படி ஏறும்?

வெறும் தண்டில் கட்டாதீர்கள். 10-ஆம் எண் நீளத்தண்டு முள்ளில் கண்ணிலிருந்து (நரம்பு கட்டும் துளை) வளைவுவரை நூலை நெருக்கமாகச் சுற்றி, ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு, காய்வதற்குள் பட்டையை மேலே வைத்து அமுக்குங்கள். 2 மி.மீ. கனம், 5 மி.மீ. அகலம் போதும், ஃபேன்சி ஸ்டோரில் கைவினைக்கு விற்கும் ஃபோம் ஷீட்டே ஆகும். முதல் இரண்டு சுற்று தளர்வாக, மூன்றாவதில்தான் இறுக்கம். நூல் ரொம்ப மெல்லியதென்றால் ஃபோமை அறுத்துவிடும்.

காலுக்கு சிலிக்கான் இழைதான் நல்லது. சாதாரண ரப்பர் பேண்டு வெயிலில் இற்றுவிடும். நடுவில் ஒரு முடிச்சுப் போட்டால் முழங்கால் மடிப்பு வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்கட்டும். ஒன்று நீண்டால் வீசும்போது ஃபிளை காற்றாடிபோலச் சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கும். நுனி நரம்பு (ஃபிளையைக் கட்டும் கடைசித் துண்டு) 0.20 மி.மீ. கனத்துக்குக் குறைந்தாலும் இதே தொல்லைதான்.

நிறத்துக்கு மெனக்கெட வேண்டாம். மீன் கீழிருந்து பார்ப்பது வயிற்றையும் கால்களையும்தான். முதுகில் ஒட்டும் ஆரஞ்சுத் துண்டு உங்கள் கண்ணுக்காக.

கேள்வி: ஏற்காட்டில் இதை வைத்து ட்ரவுட் பிடிக்கலாமா? எந்த நேரம் சரி?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன்; அதற்கு நீலகிரிக்குப் போங்கள். சேலம் பக்கம் கெண்டையும் விராலும்தான். எந்த ஏரியானாலும் முதலில் அனுமதி கேளுங்கள்.

விடியற்காலையில் போய்ப் பயனில்லை. பனி ஈரத்தில் வெட்டுக்கிளி அசையாது. வெயில் ஏறி, காற்று கிளம்பி, புல்லிலிருந்து தண்ணீரில் விழும் நேரம்தான் மீனுக்குச் சாப்பாட்டு நேரம். கரைப் புல்லிலிருந்து ஓரடிக்குள் ‘பொத்’தென்று விழ வையுங்கள். அலைவட்டம் அடங்கும்வரை பொறுத்து, ஒரே ஒரு முறை ஃபிளையை லேசாக அசைத்துவிடுங்கள். விரால் இருக்கும் இடமென்றால் நுனி நரம்பு 0.35 மி.மீ.க்குக் குறையக்கூடாது. அது கவ்வியதும் பதறிச் சுண்டாதீர்கள். நரம்பு இழுபடட்டும், பிறகு சுண்டுங்கள்.