தனுஷ்கோடி வெயிலில் நடந்தால் கேதார்நாத் ஏறிவிடலாமா?

கேள்வி: வயது 47, ஊர் தங்கச்சிமடம். வரும் செப்டம்பரில் கேதார்நாத் போகிறோம். குதிரை, டோலி எதுவும் இல்லாமல் கௌரிகுண்டிலிருந்து நடந்தே ஏற ஆசை. பயிற்சிக்காகப் போன ஞாயிறு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தனியாக நடந்து திரும்பினேன். காலை எட்டரைக்குக் கிளம்பி, முடிக்கும்போது மதியம் இரண்டரை. மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்தும் திரும்பும் வழியில் தலை சுற்றியது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனது. ராத்திரி கால்வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். நான்கு வருடமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த வாரமும் இதே நடையைத் தொடரலாமா?

பதில்: தலைசுற்றலைப் படித்தபோதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய அந்த மாத்திரையைப் படித்ததும்தான் திக்கென்றது.

முதலில் உங்கள் பிபி மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். டெல்மிசார்டான், லோசார்டான் மாதிரி ‘சார்டான்’ என்று முடிகிற மருந்தா? பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கிறதா? அப்படியென்றால் அதில் சிறுநீரைக் கூட்டும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. கடையில் கால்வலிக்குக் கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுப்ரோஃபென் வகை.

நம் ஜில்லாக்காரருக்குக் கண்மாயைச் சொன்னால் போதும், விளங்கிவிடும். ஆறு மணி நேரம் வியர்த்ததில் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது. கண்மாய் வற்றிய நிலை. ‘எச்’ மருந்து இருக்கிற தண்ணீரையும் இறைக்கிறது. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குள் ரத்தம் வருகிற வரத்துக்காலைச் சுருக்குகிறது. சார்டான் வெளியே போகிற மடையைத் தளர்த்துகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல மருந்துகள்தான். ஒரே ராத்திரியில், வற்றிய உடம்பில் கூடினால் சிறுநீரகம் படுத்துவிடக்கூடும். வலியே இல்லாமல் படுக்கும் என்பதுதான் இதில் மோசம்.

அதனால் அடுத்த நடைக்கு முன்னால் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம் மூன்றும் பார்த்துவிடுங்கள். கால்வலி இன்னும் போகவில்லை என்றால் சிபிகே என்ற தசைப் பரிசோதனையும் சேர்த்து. சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் நீர்க்குறைவுதான். கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத டீ நிறத்தில் போனால் தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது பரிசோதனைக்கூடம், ரிசல்ட் என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நீண்ட நடை போகிற நாளில் அதை எப்போது, எவ்வளவு சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தவரையே கேளுங்கள்.

அடுத்தது நேரம். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறும்போது கரையேறிவிடுவார்கள். அவர்கள் வேலையை முடிக்கிற நேரத்தில் நீங்கள் நடக்கத் தொடங்கியிருக்கிறீர்கள், அதுவும் கத்திரி வெயிலில்! போக 9.5, வர 9.5, மொத்தம் 19 கிலோமீட்டர். வழியில் நிழல் என்று சொல்லிக்கொள்ள 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவர் ஓரம்தான். இரண்டு பக்கமும் கடல் இருப்பதால் குளுமையாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். உடம்பு வெயிலுக்குப் பழக ஏழு முதல் பதினான்கு நாள் பிடிக்கும், அதுவும் தினம் கொஞ்சம் கொஞ்சமாக. வாரம் ஒருநாள் ஆறு மணி நேரம் வாட்டினால் பழகாது.

மூன்று லிட்டர் குடித்தும் ஏன் இப்படி என்கிறீர்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைசுற்றல், வாந்தி, குழப்பம் அதிலும் வரும். அதனால் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் குடியுங்கள்: ஒரு பாக்கெட், சரியாக ஒரு லிட்டரில். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் நல்லவை. பதநீர் இந்தச் சீசனில் தாராளமாகக் கிடைக்கும், குடியுங்கள்; ஓஆர்எஸ்ஸுக்கு மாற்றாக வேண்டாம். பிபிக்காரருக்கு உப்பா என்று வீட்டில் சண்டைக்கு வருவார்கள். வியர்த்து இழந்ததை அன்று மட்டும் ஈடுகட்டுகிறோம், அவ்வளவுதான். எவ்வளவு இழந்தீர்கள் என்று தெரிய கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் சுமார் ஒரு லிட்டர்.

தனியாகப் போனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹீட் ஸ்ட்ரோக் வரும்போது உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், புத்தி தடுமாறும். தடுமாறுவது தன் புத்தி என்பதால் ஆளுக்கே தெரியாது. ‘எனக்கு ஒண்ணுமில்ல, நடப்போம்’ என்றுதான் வாய் சொல்லும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் பிடித்து உட்காரவைத்து, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுவார். துணை கிடைக்காத நாளில் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டில் சொல்லிவிட்டு, ஆள் நடமாட்டம் உள்ள தெருவில் நடங்கள்.

சரி, மலைக்கு வருவோம். அரிச்சல்முனைச் சாலையில் ஏற்றம் கிடையாது. கௌரிகுண்டிலிருந்து கோயில் 16 கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் சுமார் 1,600 மீட்டர். ஒரு மாடி மூன்று மீட்டர் என்று வைத்தால் 530 மாடி! ஆகவே படிக்கட்டைப் பிடியுங்கள். வீட்டு மாடியோ கந்தமாதன பர்வதத்துப் படியோ, எதுவானாலும் சரி. விடியற்காலையில் 15 மாடியில் தொடங்கி வாராவாரம் கூட்டுங்கள். பிறகு முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு. இறங்குவதையும் பயிற்சியாகவே நினையுங்கள், மறுநாள் தொடை வலிப்பது இறங்கியதால்தான். ஆகஸ்டில் ஒரு நாள் துணையோடு சதுரகிரி ஏறி இறங்கிப் பாருங்கள். தனுஷ்கோடியில் பத்து முறை நடந்து தெரியாதது அங்கே ஒரே நாளில் தெரிந்துவிடும். அதற்கு முன் ஈசிஜி, டிரெட்மில் பரிசோதனை இரண்டும் முடித்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நம் கடற்கரையில் எவ்வளவு நடந்தாலும் பழக்க முடியாது. கேதார்நாத் 3,583 மீட்டர் உயரம். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மலை நோய் திடகாத்திரமான ஆளையும் பிடிக்கும். வழியில் குப்தகாசியிலோ கௌரிகுண்டிலோ ஓர் இரவாவது தங்கி மெதுவாக ஏறுங்கள். மலை நோய் வராமல் தடுக்க அசெட்டாசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாமல் போயிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அசெட்டாசோலமைடும் சிறுநீரைக் கூட்டும் மருந்துதான், அதனால் ‘எச்’ விஷயத்தையும் சேர்த்துப் பேசுங்கள். ஏறும்போது தலைவலியும் குமட்டலும் வந்தால் அங்கேயே நின்று ஓய்வெடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ, கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.