சீரிஸ் போர்டிலிருந்து தொடங்குங்கள்: 1970களின் ஜப்பானிய ரிசீவர்கள், கேள்வி பதில்

மராண்ட்ஸ், பயனியர், சான்சுயி, கென்வுட், யமஹா என்று 1970களில் வந்த வெள்ளி முகப்பு ஸ்டீரியோ ரிசீவர்கள் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில்), ஆம்ப்ளிஃபையர்கள் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கேள்வி: சார், இருபது வருஷமா பரண்ல கிடந்த மராண்ட்ஸ் 2270 கிடைச்சிருக்கு. நேரா பிளக்குல சொருகிப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கரையும் இப்போது மாட்டாதீர்கள். முதலில் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது, பாருங்கள். அமெரிக்காவில் விற்ற செட் என்றால் 120, ஜப்பான் உள்ளூர் செட் என்றால் 100. ஏற்றுமதி மாடல்களில் வோல்டேஜ் செலக்டர் இருக்கும். 220, 240 என்று இரண்டும் இருந்தால் 240இல் வையுங்கள். நம் லைனில் இரவு நேரம் 250 தொடுவது சாதாரணம்.

அடுத்தது சீரிஸ் போர்டு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸ் லைனில் தொடராகப் போட்டு, அதன் வழியாக செட்டுக்கு கரண்ட் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பல்புதான் வேண்டும். ஆன் செய்ததும் பல்பு பளிச்சென்று எரிந்து, ஓரிரு நொடியில் மங்கினால் நல்ல அறிகுறி: பெரிய ஃபில்டர் கண்டன்சர்கள் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டன. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அவுட்புட் டிரான்சிஸ்டர், ரெக்டிஃபையர், ஃபில்டர் கண்டன்சர் மூன்றில் ஒன்று போயிருக்கும்.

சீரிஸ் பல்பில் இருக்கும்போது சில செட்டுகளில் ரிலே (ஸ்பீக்கரை செட்டோடு இணைக்கும் மின்சுவிட்ச்) 'டக்' என்று விழாது. உள்ளே வோல்டேஜ் குறைவாக இருப்பதால் அப்படி. அதைக் கோளாறு என்று நினைத்து ரிலேயை நோண்டப் போகாதீர்கள்.

கேள்வி: என்னோடது 120 வோல்ட் செட். கடையில சின்னதா, லேசா ஒரு கன்வெர்ட்டர் 1500 வாட்னு கொடுக்கறாங்க. போதுமா?

அந்த லேசான பெட்டி ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றுக்கானது. உள்ளே தைரிஸ்டர் அலையை வெட்டித்தான் கொடுக்கிறது. ஆம்ப்ளிஃபையருக்கு அது விஷம். செம்புச் சுற்று உள்ள, கையில் தூக்கினால் கனக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர்தான் வேண்டும். சேனலுக்கு 30, 40 வாட் செட்டுக்கு 300 விஏ (வோல்ட் ஆம்பியர், டிரான்ஸ்பார்மர் தாங்கும் அளவு) போதும், 70 வாட்டுக்கு 500 விஏ. பயனியர் எஸ்எக்ஸ் 1980 போன்ற சேனலுக்கு 270 வாட் பூதங்களுக்கு 1500 விஏவுக்குக் குறைத்து யோசிக்காதீர்கள்.

ஜப்பான் 100 வோல்ட் செட்டை 110 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் ஓட்டினால் உள்ளே எல்லா சப்ளையும் 10 சதவீதம் ஏறும். 50 வோல்ட் கண்டன்சரில் 46 வோல்ட் நின்ற இடத்தில் 50 தாண்டும். 100 வோல்ட் டேப் (சுற்றிலிருந்து எடுக்கும் இணைப்பு முனை) உள்ளதாகச் சொல்லிச் செய்து வாங்குங்கள். அமெரிக்க செட்டின் பின்னால் 60 ஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்பார்மர் கூடுதலாகச் சூடாகும், உறுமவும் செய்யும். முதல் ஒரு மணி நேரம் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி: லைட் எல்லாம் எரியுது, எஃப்எம் மீட்டர் ஆடுது, ஆனா ரெண்டு பக்கமும் சத்தமே இல்லை. ஐசி போயிருக்குமா அண்ணே?

சால்டரிங் அயர்னைக் கீழே வையுங்கள். முகப்பில் 'டேப் மானிட்டர்' பட்டன் அமுங்கியிருக்கிறதா? அமுங்கியிருந்தால் செட் டேப் டெக்கிலிருந்து சத்தம் வரும் என்று காத்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' என்று இருந்தால் இரண்டையும் இணைக்கும் உலோகக் கொக்கி இருக்கிறதா? அதைத் தொலைத்துவிட்டு விற்பவர்கள் அதிகம். இல்லையென்றால் சின்ன ஆர்சிஏ கேபிள் இரண்டு போதும். ஸ்பீக்கர் செலக்டர் ஆஃபில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: ஒரு சேனல் மட்டும் மெதுவா வெச்சா போயிடுது. வால்யூமைத் திருகி ஏத்தினா 'பட்'னு வந்துடுது.

ரிலே காண்டாக்ட் கறுத்துவிட்டது. குறைந்த சத்தத்தில் அந்தக் கறுப்புப் படலத்தைத் தாண்ட வோல்டேஜ் போதாது; ஏற்றினால் துளைத்துக்கொண்டு போகும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இது சீக்கிரம் வரும். ரிலே மூடியைக் கழற்றி, கெட்டித் தாளைப் பட்டையாக வெட்டி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, காண்டாக்ட் நடுவே வைத்து, விரலால் மூடி இழுங்கள். தாளில் கறுப்பு வராத வரை செய்யுங்கள். உப்புத்தாள் போட்டால் வெள்ளிப் பூச்சு போய், ஆறு மாதத்தில் திரும்ப வரும். புது ரிலே போடுவதானால் காயில் வோல்டேஜ் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 24 வோல்ட் டிசி, ஆனால் பழையதில் எழுதியதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று கேட்டால் அது வேறு: பாட் (வால்யூம் குமிழுக்குப் பின்னால் உள்ள ரெசிஸ்டர்) அழுக்கு. எண்ணெய் எச்சம் விடாத, பிளாஸ்டிக்கைத் தின்னாத காண்டாக்ட் க்ளீனரைத் துளை வழியாக ஒரு நொடி அடித்து, முப்பது தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். துருவுக்கு அடிக்கும் சாதாரண ஸ்பிரே வேண்டாம். அது பிசுக்காக நின்று தூசியைப் பிடிக்கும்.

கேள்வி: எல்லா கண்டன்சரையும் மொத்தமா மாத்திடறது நல்லதுன்னு சொல்றாங்களே?

அதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே மூச்சில் எண்பது கண்டன்சர் மாற்றி ஆன் செய்து, செட் ஓடவில்லை என்றால் எதில் தப்பு செய்தீர்கள் என்று எப்படித் தேடுவது? ஒரு போர்டு மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், அடுத்த போர்டுக்குப் போங்கள். கழற்றும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டில் அச்சடித்த பிளஸ் குறி சில செட்டுகளில் தப்பாகவே இருக்கும். பழையது எப்படி நின்றதோ அதை சர்க்யூட்டோடு ஒத்துப் பாருங்கள்.

மாற்றும் வரிசை: முதலில் பவர் சப்ளை போர்டு. டிரான்ஸ்பார்மர், ரெகுலேட்டர் டிரான்சிஸ்டர் சூட்டில் அதுதான் முதலில் வறண்டுபோகும். பிறகு ஸ்பீக்கரைக் காக்கும் புரொடெக்ஷன் போர்டு, பிறகு டோன், ஃபோனோ (ரெக்கார்டு பிளேயருக்கானது). பெரிய ஃபில்டர் கண்டன்சர் இரண்டும் உப்பாமல், ஒழுகாமல், ஹம்மிங் இல்லாமல் இருந்தால் அவசரமில்லை. மாற்றினால் 105 டிகிரி வகை, வோல்ட் அதே அல்லது மேல், எம்எஃப்டி (மைக்ரோ ஃபேரட்) அதே அல்லது 20 சதவீதம் வரை கூடுதல். 10,000 இருந்த இடத்தில் 22,000 போட்டால் ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் ரெக்டிஃபையரும் சுவிட்சும் அடி வாங்கும். தொடும் முன் 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இரு முனைக்கும் குறுக்கே 15 நொடி பிடித்து டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் அடிப்பது வேண்டாத வீரம்.

பெரிய கண்டன்சர்களின் அடியில் பழுப்பு நிறப் பசை தெரிந்தால் அதை விடாதீர்கள். புதிதில் இளமஞ்சளாக இருந்த ஒட்டுப்பசை அது. சூட்டில் பழுப்பாகி, ஈரத்தை இழுத்து, கரண்ட் கடத்த ஆரம்பிக்கும். பக்கத்து டயோடு, ரெசிஸ்டர் கால்களையும் அரித்துவிடும். மூங்கில் குச்சியால் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, கால் கறுத்த பாகத்தை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சத்தம் குறைவா இருக்கும்போது ஒரு பக்கம் 'பொறி பொறி'னு வறுக்கற மாதிரி சத்தம். வால்யூம் பூஜ்ஜியத்துலயும் வருது.

வால்யூமுக்குப் பிறகுள்ள பகுதி, அதாவது பவர் ஆம்ப் நுழைவாயில் டிரான்சிஸ்டர்கள். 2எஸ்ஏ 726 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், இந்த வறுவல் சத்தத்துக்குப் பேர் போனது அது. கேஎஸ்ஏ 992 அந்த இடத்தில் நன்றாக உட்காரும். ஜோடியாக நிற்கும் இரண்டையும் ஒருசேர, கெயின் (பெருக்கும் அளவு) ஒத்ததாகப் பார்த்து மாற்றுங்கள். பிசி 557 சுலபமாகக் கிடைக்கிறது என்று அதைப் போட்டால் கால் வரிசை மாறும்: ஜப்பானியது எமிட்டர், கலெக்டர், பேஸ், பிசி வகை கலெக்டர், பேஸ், எமிட்டர்.

சான்சுயி வைத்திருப்பவர்கள் விடி 1212 என்ற பயஸ் (சும்மா இருக்கும்போதும் ஓடும் சிறு கரண்ட், அடுத்த பதிலில் விவரம்) டயோடையும் கவனியுங்கள். அது ஓப்பன் ஆனால் பயஸ் ஏறி அவுட்புட் டிரான்சிஸ்டரே போய்விடும். 1என் 4148 இரண்டைத் தொடராக இணைத்து மாற்றலாம்.

கேள்வி: பயஸ், ஆஃப்செட் ரெண்டும் எப்படி வெக்கறது? ரெண்டும் ஒண்ணா?

வேறு வேறு. ஆஃப்செட் என்பது பாட்டு இல்லாதபோது ஸ்பீக்கர் முனையில் நிற்கும் டிசி. ஸ்பீக்கர் கழற்றி, வால்யூம் குறைத்து, பத்து நிமிடம் கழித்து டிசி மில்லி வோல்ட்டில் அளங்கள். 50க்குள் நல்லது, 100 தாண்டினால் காரணம் தேட வேண்டும். அவுட்புட்டில் பெரிய கப்ளிங் கண்டன்சர் உள்ள 1970களின் தொடக்கக் கால செட்டுகளில் இந்த அளவு எதையும் சொல்லாது. அங்கே கண்டன்சருக்கு முன்னால், சப்ளையில் சரிபாதி நிற்கிறதா என்று பாருங்கள்.

பயஸ் என்பது சும்மா இருக்கும்போதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்ட். எமிட்டர் ரெசிஸ்டர் குறுக்கே அளக்க வேண்டும். 0.47 ஓமில் 20 மில்லி வோல்ட் என்றால் 42 மில்லி ஆம்பியர். எவ்வளவு வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் மேனுவல் இல்லாமல், பயஸைத் திருப்பி வைக்கும் பிரீசெட்டைத் தொடாதீர்கள். சீரிஸ் பல்பில் வைத்துக்கொண்டும் பயஸ் செட் செய்யக்கூடாது, அளவு பொய். மீட்டர் முனையைக் கையில் பிடிக்காமல் கிளிப் போட்டு மாட்டுங்கள். முனை நழுவிப் பக்கத்துக் காலைத் தொட்டால் கண் இமைக்கும் நேரத்தில் நாலு டிரான்சிஸ்டர் காலி.

பழைய திறந்த வகை பிரீசெட் இன்னொரு கண்ணி. நாற்பது வருடத் துரு மேல் நகர்த்தும்போது தொடர்பு விட்டால் சில சர்க்யூட்டுகளில் பயஸ் உச்சத்துக்குப் பாயும். கழற்றி, அது நின்ற ஓம் அளவை எடுத்து, புது மூடிய பிரீசெட்டை அதே அளவில் வைத்துப் பொருத்திவிட்டுப் பிறகு திருப்புங்கள்.

கேள்வி: அவுட்புட் டிரான்சிஸ்டர் மாத்தினேன், ஆன் பண்ணதும் திரும்பப் போயிடுச்சு.

போனவை தனியாகப் போவதில்லை. டிரைவர் டிரான்சிஸ்டர், எமிட்டர் ரெசிஸ்டர், பேஸ் ரெசிஸ்டர், பயஸ் டயோடு எல்லாவற்றையும் கழற்றி அளந்த பிறகே புதியது மாட்ட வேண்டும். டிரான்சிஸ்டருக்கு அடியில் வைக்கும் மைக்கா தாள் கிழியாமல், இரு பக்கமும் மெல்லிய பேஸ்ட் தடவி, கலெக்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே மீட்டரில் ஓப்பன் பார்த்தீர்களா? அடுத்தது, போலி. உற்பத்தி நின்று பல வருடமான ஜப்பானிய எண் பளபளவென்று புதிதாகக் கிடைத்தால் நம்பாதீர்கள். இன்றும் தயாரிப்பில் உள்ள எம்ஜே 21193, 21194 ஜோடியை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குவது மேல். சென்னை ரிச்சி தெருவில் ரெசிஸ்டர், மைக்கா, ஃப்யூஸ் வாங்கலாம். பவர் டிரான்சிஸ்டருக்கு பில் கேளுங்கள்.

கேள்வி: செட்டைத் தொட்டா லேசா சுர்ருங்குது. டெஸ்டரும் எரியுது.

இரண்டு பின் செட்டில் டிரான்ஸ்பார்மர் சுற்று வழியாகக் கொஞ்சம் கசியும், நியான் டெஸ்டர் அதற்கே எரியும். ஆபத்தா என்று பார்க்க: 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை சேஸிக்கும் வீட்டு எர்த்துக்கும் நடுவே கிளிப் போட்டு, பிறகு ஆன் செய்து, அதன் குறுக்கே ஏசி வோல்ட் அளங்கள். 5 வோல்ட் என்றால் அரை மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போனால் ஓட்டாதீர்கள். பிளக்கைத் திருப்பிப் போட்டால் குறைகிறதா என்றும் பாருங்கள். பவர் சுவிட்ச் குறுக்கே உள்ள 0.01 எம்எஃப்டி பொறி அடக்கும் கண்டன்சரை எப்படியும் எக்ஸ்2 (மெயின் லைனுக்கான பாதுகாப்பு வகை), 275 வோல்ட் ஏசி வகையாக மாற்றிவிடுங்கள். பழையது ஷார்ட் ஆனால் சுவிட்சை ஆஃப் செய்தாலும் செட் அணையாது.

கேள்வி: அமெரிக்க செட்டுல எஃப்எம் கொஞ்சம் மந்தமா கேக்குது.

அங்கே டீ எம்ஃபசிஸ் (நிலையம் கூட்டி அனுப்பும் உயர் ஒலியை ரிசீவர் திரும்பக் குறைப்பது) 75 மைக்ரோ விநாடி, இங்கே 50. அதனால் 10 கிலோ ஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபல் குறையும். எம்பிஎக்ஸ் (எஃப்எம் ஸ்டீரியோவைப் பிரிக்கும்) போர்டில் அந்தக் கண்டன்சர் இரண்டையும் மூன்றில் இரண்டு பங்கு மதிப்புக்கு மாற்றினால் சரியாகும். டிரெபிளை ஒரு புள்ளி ஏற்றியும் பிழைத்துக்கொள்ளலாம். ரேடியோவின் ஐஎஃப் (இடை அலைவரிசை) காயில்களை மட்டும் இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் திருப்பாதீர்கள். உள்ளே இருக்கும் ஃபெர்ரைட் உடையும், அளவும் மாறும்.

கேள்வி: டயல் பல்பை எல்இடியா மாத்தலாமா?

மாற்றலாம், சூடு குறையும். ஆனால் மராண்ட்ஸில் நீலம் வருவது மஞ்சள் பல்பு நீலத் தாள் வழியாக வருவதால்தான். குளிர்ந்த வெள்ளை எல்இடி போட்டால் ஆஸ்பத்திரி நீலமாகிவிடும். வார்ம் வைட் எடுங்கள். பழைய நிறமே வேண்டுமென்றால் 8 வோல்ட், 250 மில்லி ஆம்பியர் ஃப்யூஸ் வடிவ பல்பு இன்னும் கிடைக்கிறது. ஸ்டீரியோ விளக்கு சில செட்டுகளில் சர்க்யூட்டின் லோடாகவும் இருக்கும். அங்கே எல்இடியோடு, பல்பு இழுத்த கரண்டுக்கு ஈடான ரெசிஸ்டர் ஒன்றை இணையாகப் போட வேண்டியிருக்கும்.